தனிக்காற்று

“எழுபதுக்கு இறக்கிவிடுங்கோ தம்பி. மூண்டு மணிக்கு விருந்தாளிகள் வந்திடுவினம்.”

எங்கள் இடத்துப் பொறுப்பாளர் நளாயினி மேடம் இதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் நின்றால் வேலை உடனே நடக்க வேண்டும் என்று அர்த்தம்.

வேலை சின்னதுதான். தொண்ணூறு என்று இருக்கிற இடத்தில் எழுபது என்று மாற்ற வேண்டும். அந்தத் தொண்ணூறை எழுதியவன் நான்.

எங்கள் கம்பெனி பாலைவனத்துக்கு அடியில் ஓர் ஊரைத் தோண்டிக்கொண்டிருந்தது. கோடை வெயில் அறுபது டிகிரியைத் தொட ஆரம்பித்த பிறகு, வசதியுள்ளவர்கள் மண்ணுக்குள் குடிபோக ஆசைப்பட்டார்கள். தோண்டுகிற ஆட்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இறங்கினால் ஆறு மாதம் மேலே வர மாட்டார்கள். நான் மேலே ஒரு குளிர்ந்த அறையில் தனியாக உட்கார்ந்து, அவர்களுக்கான கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடமாக.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியவற்றில் முக்கியமானது காற்று விடுகிற புரோகிராம். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் மூச்சு என்போம். கீழே ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டி கட்டியிருக்கும். சுரங்க வழிகளில் அங்கங்கே சுவரில் பச்சை விளக்கோடு ஒரு கருவி இருக்கும். அதற்குக் கண் என்று பேர். ஆள் எந்தக் கண்ணைத் தாண்டிப் போகிறானோ அந்தப் பக்கம் மூச்சு காற்றைத் திறந்துவிடும். ஆள் இல்லாத பக்கம் மூடிவிடும். காற்றைக் குளிரவைத்து அவ்வளவு ஆழத்துக்குத் தள்ளுவது சாதாரண செலவில்லை. அதனால் இந்த ஏற்பாடு.

சுரங்க வழியை ஆட்கள் பொந்து என்பார்கள். தோண்டிப் பார்த்துக் கைவிட்டது செத்த பொந்து. அதற்குள் கண் கிடையாது. ஆனால் கடைசிக் கண்ணைத் தாண்டி ஒருவன் செத்த பொந்துக்குள் போனால், அவன் திரும்பி வரும்வரை மூச்சு அவனுக்காகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். இதை ஆட்கள் எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். முந்நூறு பேருக்கு நடுவில் படுத்து எழுந்திருக்கிறவனுக்கு அது பெரிய விஷயம். அழ வேண்டுமானாலும், சும்மா மல்லாந்து கிடக்க வேண்டுமானாலும் அங்கேதான் போவார்கள். தனிக்காத்து வாங்கப் போறது என்பார்கள். பிடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகிற வழக்கமில்லை.

மூச்சிடம் ஒரு கோளாறு இருந்தது. திடீரென்று ஒருநாள் மெமரியைத் தின்று கொழுத்துவிடும். ஏனென்று யாருக்கும் தெரியாது. மெமரி முழுக்க நிரம்பினால் மூச்சு உறைந்துபோகும். எல்லா ஊதுகுழாய்களும் நின்றுவிடும், கீழே ஆட்கள் தங்குகிற பெரிய கூடத்துக்கு வருவது உட்பட. ஆள் இறங்கிக் கையால் திறக்க மூன்று மணி நேரம் ஆகும். அதனால் முன்பெல்லாம் அது கொழுக்கும்போது சைரன் ஊதுவோம். ஆட்கள் எங்கிருந்தாலும் பெரிய கூடத்துக்கு வந்து சேர வேண்டும். வந்த பிறகு மூச்சை நிறுத்தி மறுபடி ஓடவிடுவோம். இதில் இரண்டு மணி நேர வேலை கெடுகிறது என்று மேலிடம் முணுமுணுத்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் நான் ஒரு வழி செய்து கொடுத்தேன். மெமரி தொண்ணூறைத் தொட்டால் மூச்சு தானாகவே நின்று தானாகவே ஓடும். நாற்பது நொடி. சைரன் வேண்டாம், வேலை நிற்க வேண்டாம். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. தொண்டியில் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தவன். எது மக்கர் செய்தாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்பதுதான் அங்கே கற்ற முதல் வித்தை. அந்த வித்தைக்காக மேடம் எல்லோர் முன்னாலும் எனக்குக் கை தட்டினார்.

இப்போது விருந்தாளிகள் வருகிறார்கள். கீழே வரப்போகிற ஊர் எப்படி இருக்கும் என்று கண்ணாடிச் சுவரில் அவர்களுக்குப் படம் காட்ட வேண்டும். படத்துக்கு மெமரி வேண்டும். அதற்குத்தான் எழுபது.

“இப்ப எழுபத்தி நாலுல நிக்குது மேடம். எழுபதுன்னு போட்டா உடனே மூச்சு நின்னு ஓடும்.”

“ஓடட்டும். நாப்பது செக்கன் தானே? இண்டைக்கு வெள்ளிக்கிழமை. எல்லாரும் கூடத்தில இருந்து வீட்டுக்குக் கதைச்சுக்கொண்டு இருக்கினம். இதைவிட நல்ல நேரம் வராது.”

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் என்னை உறுத்தியது. எல்லோரும் கூடத்தில் இருக்கிறார்கள், எந்தப் பொந்திலும் வேலை இல்லை. அப்படியானால் மூச்சு மெலிந்து கிடக்க வேண்டும். எழுபத்தி நாலு எப்படி வந்தது?

“ஒரு நிமிஷம் மேடம்.”

“என்ன இப்ப?”

மூச்சு ஒவ்வொரு ஆளுக்கும் மெமரியில் ஓர் இடம் வைத்திருக்கும். அந்த இடங்களை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தேன். எட்டு மாதத்தில் நான் இதைச் செய்து பார்த்ததே இல்லை. முந்நூற்றுப் பதினோரு பேருக்கு ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு அளவுதான். ஒருவனுக்கு மட்டும் ஒரு பீரோ நிறைய இருந்தது.

எண் 188. கடைசியாகப் பார்த்தது காலை நான்கு நாற்பதுக்கு, பழைய திருப்பத்தில் உள்ள கண்ணில். அதற்கு அப்பால் செத்த பொந்துகள் மட்டும்தான். கைப்பட்டியிலிருந்து நாடித்துடிப்பு வந்துகொண்டிருந்தது. நிமிஷத்துக்கு நூற்றுப் பதினெட்டு.

மூச்சை எழுதியவர் யாரோ, அந்த இடத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தார். ஆளை மறுபடி பார்க்கும்வரை அவனைப் பற்றிய எதையும் அழிக்கக் கூடாது.

நான் வாய்விட்டுப் படித்தேன்.

“அப்பிடியெண்டால்?” என்றார் மேடம்.

“கூடத்துல இருக்கவங்கள நிமிஷத்துக்கு ஒரு தடவ ஏதாவது ஒரு கண்ணு பாக்குது மேடம். பாத்தவுடனே பழசத் தூக்கிப் போட்டுருது. இவன காலையில இருந்து பாக்கல. அதனால இவன் விடுற ஒவ்வொரு மூச்சையும் சேத்து வச்சுக்கிட்டே இருக்கு. கொழுக்குறது கோளாறு இல்ல. ஒருத்தன் உள்ள மாட்டிக்கிட்டான்னா அப்படித்தான் கொழுக்கும்.”

“மாட்டேல்ல. நித்திரை கொள்ளுறான். உவங்கள் களவாப் போய்ப் படுக்கிறது எனக்குத் தெரியாதே?”

“நின்னு ஓடுனா மூச்சு வெறுமையா எந்திரிக்கும். கண்ணுல படாத பட்டியோட நாடிய அது கேக்காது, கண்ணுல படுறவங்களுக்கு மட்டும் காத்து விடும். இவன் எந்தக் கண்ணுலயும் பட மாட்டான். அந்தப் பக்கம் காத்து நிக்கும். பாறையில இருந்து கெட்ட வாயு வரும்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க? எவ்வளவு நேரம் தாங்கும்னு சொன்னீங்க?”

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் என்று பாடத்தில் சொல்லியிருந்தார். கூடத்திலிருந்து பழைய திருப்பத்துக்கு நடந்தால் முக்கால் மணி நேரம். நிறுத்தி ஓடவிட்டால் அவனிடம் யாரும் போய்ச் சேர முடியாது.

என் தொண்ணூறை எடுத்துவிட்டேன். தானாக நிற்பது இனி நடக்காது. அதற்குள் எண் எழுபத்தைந்தாகியிருந்தது.

கூடத்து மைக்கில் ஜலால் காக்காவைக் கூப்பிட்டேன். அவர் கீழக்கரைக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கீழே எல்லா கேங்குக்கும் மூத்தவர். கூடத்தில் அன்று சந்தை மாதிரி சத்தம். ஆளாளுக்கு ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்னா தம்பி, வெள்ளிக்கிழமையும் விடமாட்டியா?”

“காக்கா, நூத்தி எம்பத்தெட்டு யாரு?”

“பேரச் சொல்லு.”

“பேரு எங்கிட்ட இல்ல. தலைமை ஆபீஸ்லதான் இருக்கு, இன்னைக்கு அங்க லீவு. கேட்டுப் பாருங்க, சீக்கிரம்.”

அவர் கத்திக் கேட்டார். “நூத்தி எம்பத்தெட்டு எவன்டா?” யாரோ, “எம் பொண்டாட்டி குடுத்த அடி நூத்தி எம்பத்தெட்டு காக்கா” என்றான். சிரிப்பு. ஒவ்வொரு கேங்காக எண்ணிவிட்டு ஜலால் காக்கா மைக்குக்கு வந்தார்.

“எல்லாப் பயலும் இருக்கான். ஒருத்தனும் கொறையல.”

“ஒருத்தன் பழைய திருப்பத்துக்கு அங்கிட்டு கெடக்கான் காக்கா. உசுரோட. மெமரி நெறைஞ்சு மூச்சு நிக்கப்போகுது. நானா நிறுத்துனாலும் சரி, அதுவா நின்னாலும் சரி, செத்த பொந்துல காத்து இருக்காது.”

இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான்கைந்து மாதமாகவே அவருக்கு அந்த இருமல் உண்டு.

“அந்தக் காத்து நிக்கிறது எனக்குத் தெரியும்” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“எப்படித் தெரியும்?”

“நோம்புக்கு முந்தி ஒரு நாளு நான் போய்ப் படுத்துருந்தேன். எங்க வாப்பா மௌத்தாகி அடக்கத்துக்குப் போக முடியலையில்ல, அன்னைக்கி. ஒரு பகல் பூரா கெடந்தேன். திடீர்னு நெஞ்ச அடைக்கிது. தவந்து தவந்து கண்ணு வரைக்கும் வந்துட்டேன். பச்சை வெளக்கப் பாத்ததும் காத்து வந்துருச்சு.”

“ஏன் காக்கா சொல்லல?”

“சொன்னா எங்க இருந்தேம்பான். ஊருக்கு அனுப்பிருவான். நாலு பொம்பளப் புள்ளைங்கடா எனக்கு.” மறுபடி இருமினார். “எனக்குத்தான் மாரு பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன்.”

எண்பது.

“காக்கா, கேங்குல இல்லாத ஆளுக யாரு யாரு?”

“கேங்குல இல்லாதவன்னா… எலே, இன்னைக்கி மத்தியானம் என்னா திண்டீங்க?”

“ரொட்டி” என்றது ஒரு குரல்.

“சோறு ஏன் வரல?”

யாருக்கும் தெரியவில்லை. சமையல்காரன் சோணமுத்துவுக்கு முதல்நாள் இரவிலிருந்தே காய்ச்சல் என்று பாத்திரம் கழுவுகிறவர் சொன்னார். காய்ச்சலோடு சமையல்கட்டில் நிற்பதைக் கண்டால் மேலே ஏற்றி அப்படியே விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். விடியுமுன்னே காலைக்கு வேண்டியதைச் செய்து வைத்துவிட்டு, கோதுமைச் சாக்கு இரண்டை எடுத்துக்கொண்டு போனானாம். பழைய திருப்பத்தில் நாலு பொந்து இருக்கிறது, எதிலே என்று தெரியாது.

“ஒச்சப்பா, கூட மூணு பேரக் கூட்டிக்க. பொந்துக்கு ஒருத்தன். ஓடு” என்றார் ஜலால் காக்கா.

நான்கு பேர் ஓடினார்கள். ஒவ்வொரு கண்ணாக அவர்கள் கடப்பது எனக்குத் தெரிந்தது. ஓடினாலும் அரைமணிக்குக் குறையாது. அவனைத் தூக்கிக்கொண்டு கண்ணுக்கு வர இன்னும் பத்து நிமிஷம். கண் அவனைப் பார்த்துவிட்டால் போதும். மூச்சு எல்லாவற்றையும் தானே கீழே போட்டுவிடும்.

மெமரி அவ்வளவு நேரம் தாங்காது. நான் மற்ற புரோகிராம்களைப் பார்த்தேன். வருகைப்பதிவு கேமராவை நிறுத்தினேன். சாமான் அறைக் கணக்கை நிறுத்தினேன். கம்பெனி விளம்பரம் கூடத்தில் நாள் முழுக்க ஓடும், அதையும் நிறுத்தினேன். எண்பத்தைந்திலிருந்து எண்பதுக்கு இறங்கியது. மூன்று நிமிஷத்தில் மறுபடி எண்பத்து நாலு. பீரோ நிறையக் கிடக்கிறதை மூச்சு நொடிக்கு ஒருமுறை மறுபடி மறுபடி புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. புரட்டப் புரட்ட இன்னும் வேகமாக ஏறியது.

மீதி இருந்தவற்றில் பெரியது இரண்டு. ஒன்று விருந்தாளிகளுக்கான படம். அவர்கள் வந்துவிட்டதால் மேடம் பக்கத்து அறைக்குப் போயிருந்தார், படம் ஓட ஆரம்பித்திருந்தது. இன்னொன்று வீட்டு அழைப்பு.

“காக்கா, எல்லாரும் போனை வைக்கணும். முழுக்க.”

“வாரத்துல ஒரு நாளுடா.”

“நானா அறுக்கலாம். ஆனா பாதிப் பேச்சுல அறுந்தா ஊருல பயந்துருவாங்க. அதான் சொல்றேன்.”

அவர் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டே கூடத்தில் பேசினார். என்ன சொன்னார் என்பது முழுதாகக் கேட்கவில்லை. சோணமுத்து என்ற பேர் கேட்டது. பிறகு பெரிய கூச்சல். “அவன் போய்ப் படுத்ததுக்கு நாங்க என்ன பண்ண?” “நீ மொதல்ல வையி, நான் வைக்கிறேன்.” “இவரு சொல்லிட்டாராம், கலெக்டரு!” ஒருவன் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று கெஞ்சினான். “காக்கா, புள்ள பொறந்து நாலு நாளு. தொட்டில்ல தூங்குது, எடுத்தாறப் போயிருக்காக. மொகத்த மட்டும் பாத்துக்கிறேன்.”

“எடுத்தாற எம்புட்டு நேரமாகும்?”

“தெரியல காக்கா. மச்சு வீடு, ஏறி எறங்கணும்.”

அழைப்புகளின் எண்ணிக்கை என் திரையில் குறைந்தது. இருநூற்று எழுபது. நூற்று நாற்பது. ஐம்பது. ஆறு. கடைசி ஒன்று கொஞ்ச நேரம் இருந்து, போனது.

எழுபத்து மூன்று.

அடுத்த பதினைந்து நிமிஷத்தில் அது தொண்ணூற்று ஒன்றாயிற்று. ஒச்சப்பனும் ஆட்களும் பழைய திருப்பத்துக்கு இரண்டு கண் முன்னால் இருந்தார்கள்.

நளாயினி மேடம் திரும்பி வந்தார். விருந்தாளிகளோடு சிரித்த சிரிப்பு முகத்தில் பாதி மிச்சமிருந்தது. எண்ணைப் பார்த்தார்.

“நிப்பாட்டி ஓடவிடும்.”

“இன்னும் பத்து நிமிஷம் மேடம். இப்ப நிறுத்துனா, அவங்க கண்ணத் தாண்டி காத்து உள்ள போய்ச் சேர்றதுக்குள்ள அவன் தாங்க மாட்டான்.”

“பத்து நிமிசத்தில உது நிரம்பினால்? முந்நூறு பேருக்கு மேல கூடத்தில இருக்கினம். கூடத்துக் காத்தும் நிக்கும். மூண்டு மணித்தியாலம். உமக்கு விளங்குதோ? ஒராளுக்காக முந்நூறு பேரை நான் வைச்சு விளையாடேலாது. தள்ளும்.”

அவர் கை விசைப்பலகைக்கு வந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்ன கணக்கில் தப்பும் இல்லை. நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. இன்னொரு திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஜலால் காக்கா பேசியதிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது அதில் இருந்தது.

“எட்டு மாசத்துல என்னோட வேலை மூச்ச நாலு தடவ நிறுத்தியிருக்கு மேடம். தேதிகளப் பாருங்க. ஒண்ணு ஜலால் காக்கா தவந்து வந்தது. மத்த மூணு தேதிய நீங்களே பாருங்க.”

அவர் பார்த்தார். அந்த மூன்று தேதிகளும் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். எங்கள் இடத்தில் ஆளைக் காணோம் என்றால் முதலில் மூச்சைத்தான் கேட்போம். இந்த எண்ணில் கீழே யாரும் இல்லை என்று மூச்சு சொல்லிவிட்டால், சாமான் லாரியில் ஒளிந்து ஏறி ஓடிப்போனவன் என்று போலீஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம். அப்படி மூன்று பேர். கமுதிப் பக்கத்துச் சந்தனகுமார், ஒரு நேபாளத்துக்காரர், ஒரு வங்காளி. மூன்று தாளிலும் மேடம்தான் கையெழுத்துப் போட்டார். ஆள் இல்லை என்று மூச்சு சொல்கிற செத்த பொந்துகளுக்கு மாதக் கடைசியில் கான்கிரீட் ஊற்றி வாயை அடைப்பார்கள். அதற்கும் அவர்தான் கையெழுத்து.

“அவங்கள் ஓடிப்போனவங்கள்” என்றார் மேடம். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

“அந்த மூணு நாளும் யாரோ ஒருத்தனுக்காக மூச்சு இதே மாதிரி கொழுத்திருக்கு மேடம். தொண்ணூறத் தொட்டதும் நான் அறுத்துட்டேன்.”

தொண்ணூற்று நாலு.

அவர் கையை எடுத்தார். வேகமாகப் பக்கத்து அறைக்குப் போனார். அங்கே விருந்தாளிகளில் ஒருவர் ஏதோ கேட்பதும், மேடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பதும் காதில் விழுந்தது. கண்ணாடிச் சுவரில் ஓடிய ஊர், அதன் தோட்டங்கள், நீரூற்றுகள் எல்லாம் அணைந்தன. அவரே சுவிட்சை அணைத்திருந்தார். எண் எண்பத்து மூன்றுக்கு இறங்கியது.

திரும்பி வந்து என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இனி நிறுத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை.

ஒச்சப்பன் பழைய திருப்பத்துக் கண்ணைத் தாண்டினான். மற்ற மூவரும் தாண்டினார்கள். அதற்குப் பிறகு அவர்களையும் எங்களால் பார்க்க முடியாது. எண் மட்டும் ஏறியது. எண்பத்தொன்பது. தொண்ணூற்று இரண்டு. 188-இன் நாடி நூற்று முப்பது.

“கூடத்துக் கதவுகளைத் திறந்து வைக்கச் சொல்லும்” என்றார் மேடம் மெதுவாக. “நிண்டாலும் கொஞ்ச நேரத்துக்காவது…”

ஜலால் காக்காவிடம் சொன்னேன். “தெறந்துதான் இருக்கு” என்றார். “எல்லாரும் தரையில உக்காந்துட்டோம். பேசாம இருந்தா கொஞ்சம் காத்து மிச்சமாகும்ல.” முந்நூறு பேர் இருக்கிற இடத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான்கு வருடத்தில் அந்த மைக்கில் நான் கேட்காத அமைதி.

தொண்ணூற்று ஆறு. தொண்ணூற்று ஏழு. திரை என் விரலுக்குக் கட்டுப்படுவது நின்றது. தொண்ணூற்று எட்டு என்று காட்டி அப்படியே நின்றது. நான் இதுவரை எடுத்த எல்லா முடிவையும் அப்போது திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நினைத்தேன். கை எட்டவில்லை, அவ்வளவுதான்.

பிறகு எண் இருபத்தி ஒன்று என்று மாறியது.

எனக்கு முதலில் புரியவில்லை. மேடம்தான் விரலை நீட்டினார். பழைய திருப்பத்துக் கண்ணில் ஐந்து பேர். அதில் ஒன்று 188.

“தூக்கியாறான்!” என்று மைக்கில் ஜலால் காக்கா கத்தினார். ஒச்சப்பன் சுரங்க போனில் சொல்லியிருக்கிறான். “சாக்கு மேல கெடந்தானாம். உடம்பு நெருப்பா கொதிக்கிதாம். அடுப்ப அணைச்சனான்னு கேக்குறானாம்டா!”

கூடத்தில் சிரித்தார்களா அழுதார்களா என்று தெரியவில்லை. ஒரே இரைச்சல். நான் வீட்டு அழைப்பைத் திறந்துவிட்டேன். ஒரே நிமிஷத்தில் இருநூற்று எண்பது பேர் ஊரைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த இரண்டு நாள் ஆட்கள் வேலைக்குப் போகவில்லை. யாரும் சொல்லாமல் கடப்பாரையும் துளைக்கிற மெஷினும் எடுத்துக்கொண்டு, அந்தத் தேதிகளுக்குப் பிறகு அடைத்த பொந்துகளின் வாயை உடைத்தார்கள். மேலிடம் தடுக்கச் சொன்னது. மேடம் தடுக்கவில்லை, தடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. மற்ற இருவரும் முதல் இரண்டு பொந்துகளில் கிடந்தார்கள், மூன்றாவதில் சந்தனகுமார் இருந்தார். வறண்ட சூட்டில் உடம்பு கெடாமல் உலர்ந்திருந்தது. ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்திருந்தார். எழுந்திருக்க முயற்சி செய்த மாதிரி தெரியவில்லை என்று ஜலால் காக்கா சொன்னார். அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் மேடம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“தலைமை ஆபீசில இருந்து நாளைக்கு வருகினம். பாறை வாயு எண்டு எழுதப்போகினம். உவங்கள் களவாப் படுத்தவை, செத்துப்போச்சினம். முடிஞ்சுது.” என் திரையைக் காட்டினார். “அந்த நாலு தேதி இருக்கிற பதிவு உம்மட கம்ப்யூட்டரில மட்டும்தான் கிடக்கு. அதில உம்மட பேர் இருக்கு. அதுக்கு மேல என்ர கையெழுத்து இருக்கு.”

“அழிக்கச் சொல்றீங்களா மேடம்?”

“நான் சொல்லேல்ல.” அவர் கண்கள் வீங்கியிருந்தன. “நானும் ஒரு இடத்தில இருந்து எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனான் தம்பி. இதுவும் போனால் எனக்குப் போக இடமில்லை. அதை மட்டும் சொல்லுறன்.”

அவர் போன பிறகு நான் அந்தப் பதிவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கே நான்கு வரி. ஒரு சின்ன செய்தியைவிடக் குறைவான இடம். மெமரிக்கு அது ஒரு பாரமே இல்லை.

சந்தனகுமாரின் வீட்டு நம்பரை ஜலால் காக்கா எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்தார். மனைவி பேர் முனீஸ்வரி. கம்பெனி இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை. விசாரணை முடிந்த பிறகு சொல்வார்களாம்.

மணி அடித்ததும் எடுத்தார். நான் கம்பெனி பேரைச் சொன்னேன்.

“இன்னும் என்னத்துக்குப் போன் பண்றீக? அந்த ஆளு எங்களுக்கு வேணாம். எவ கூடவோ ஓடிப்போன ஆளப் பத்தி எங்கிட்ட எதுக்குக் கேக்குறீக?”

“அவரு ஓடிப்போகலம்மா.”

நான் மறுபடி சொன்னேன்.

“ஓடிப்போகல. வேலை செஞ்ச எடத்துலதான் இருந்தாரு. காத்து இல்லாமப் போயி… தூக்கத்துலயே. ஆறு மாசத்துக்கு முந்தியே.”

“ஓடிப்போகலையா?”

“இல்லம்மா.”

போனைக் கீழே வைக்காமலே அவர் வாசலுக்கு ஓடியது கேட்டது. செருப்புச் சத்தம், கோழி கலையும் சத்தம். “யக்கா! யக்கா! அவரு ஓடிப்போகலையாம்! எங்கயும் போகலையாம்! கேட்டியாக்கா, ஓடிப்போகலையாம்!” தெருவில் யாரெல்லாமோ வந்து கூடினார்கள். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம். கொஞ்ச நேரத்துக்கு அது மட்டும்தான் இருந்தது. பிறகு கூட்டத்தில் யாரோ, “அப்ப எங்கடி இருக்காரு?” என்று கேட்டார்கள். அந்தக் குரல் நின்றது.

திரும்பி வந்து போனை எடுத்தபோது மூச்சு மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன்.

“தெனமும் மண்ண வாரித் தூத்துனேன்ணே” என்றார். “கோயில் வாசல்ல நின்னு, விளங்கமாட்டான்னு தூத்துனேன். செத்த மனுசன.”

பிறகு அவரே கேட்டார்.

“காத்து எப்படிண்ணே இல்லாமப் போகும்? அம்புட்டுப் பேரு இருக்கிற எடத்துல?”

“அத ஒரு மிஷின் விடுதும்மா. அத நிறுத்திட்டாங்க.”

“யாரு நிறுத்துனா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நளாயினி மேடத்தின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவின் நான்கு வரியும் என் திரையில் திறந்தே இருந்தன.

“நான்தாம்மா” என்றேன். “எம் பேரு ராயப்பன். எழுதி வச்சுக்கங்க. நாளைக்கு கம்பெனிக்காரங்க வேற மாதிரி சொல்லுவாங்க. தேதியும் நேரமும் சொல்றேன், அதையும் எழுதிக்கங்க.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“இருங்க” என்றார். “பேனா எடுத்துட்டு வாறேன்.”